சங்கத்துக்கு ஒரு சிறு கணனி: வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

ஒரு பிற்பகல் வேளை. கிராமத்துச் சிக்கனக் கடனுதவிச் சங்கத்தின் நிர்வாகக் குழு பொதுமண்டபத்தில் கூடியிருந்தது. மேசையில் மூன்று விலைமனுக்கள். முதலாவது, வழமையான பெரிய மேசைக் கணனி. இரண்டாவது, ஒரு கையில் தூக்கக்கூடிய புத்தம் புதிய சிறு கணனி. மூன்றாவது, வெளிநாட்டு அலுவலகம் ஒன்றில் பாவித்தபின் இங்கு இறக்குமதியான சிறு கணனி. விலையும் இதே ஒழுங்கில் இறங்கிச் சென்றது.

"இதுக்குள்ள எது திறம், பாதர்?" என்று பொருளாளர் கேட்டார். செயலாளரான இளைஞர் வேகத்தைப் பற்றிப் பேசினார். தலைவர் விலையைப் பற்றிப் பேசினார். பின் வாங்கில் இருந்த ஒரு தாய் மட்டும், "பழுதானா ஆர் திருத்துவினம்?" என்று கேட்டார்.

அந்தத் தாயின் கேள்வியே இக்கட்டுரையின் அடிப்படை. ஒரு சங்கம் கணனி வாங்குவது அடிக்கடி நடக்கும் காரியமன்று. அதற்குச் செலவாகும் பணம் பால் விற்றும் கிடுகு பின்னியும் மீன் உலர்த்தியும் அங்கத்தவர்கள் கொடுத்த பணம். வாங்கிய பின்னர் அந்த அங்கத்தவர்களின் சேமிப்புக் கணக்கும் கடன் கணக்கும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கப் போகின்றன. எனவே, "எது திறம்?" என்று கேட்பதைவிட, "எமது வேலைக்கு எது பொருந்தும்? ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னரும் எமது ஊரில் அதை வைத்துப் பராமரிக்க முடியுமா?" என்று கேட்பதே பயன் தரும். வீட்டுக்கு வாங்குவோருக்கும் இதே கேள்விகள் பொருந்தும்.

சிறு கணனி என்பது எது?

திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றைத் தனித்தனியே இணைத்து மேசையில் வைத்துப் பாவிக்கும் கணனியின் பெட்டி சிறிதாக அமைந்தால் அதையே சிறு மேசைக் கணனி என்கிறோம். கடைகளில் இதனை மினி பீசி என்பர். இதில் பல வகைகள் உள்ளன.

முதல் வகை, வழமையான பெட்டியை ஒடுக்கிச் செய்தது. மின்வழங்கி உள்ளேயே இருக்கும். இடம் ஓரளவு மிச்சமாகும். உதிரிப் பாகங்கள் சேர்க்கவும் சிறிது இடமுண்டு.

இரண்டாவது வகையை ஒரு லீற்றர்ப் பெட்டி என்பர். ஏறத்தாழ 18 சென்ரிமீற்றர் நீளமும் அதேயளவு அகலமும் மூன்றரை சென்ரிமீற்றர் தடிப்பும் கொண்டது. ஓர் அகராதியைப் படுக்க வைத்தது போல இருக்கும். மடிக்கணனியினுடையதைப் போன்ற அடப்ரர் வெளியே இருக்கும். லெனோவோ நிறுவனத்தின் திங்சென்ரர் ரைனி, டெல் நிறுவனத்தின் ஒப்ரிபிளெக்ஸ் மைக்ரோ, எச்.பி. நிறுவனத்தின் எலைற்டெஸ்க் மினி ஆகியன இவ்வகையின. வங்கிகளும் பெரிய அலுவலகங்களும் நூற்றுக்கணக்கில் வாங்கிச் சில ஆண்டுகளில் கழித்து விடுவதால், பாவித்த கணனிச் சந்தையில் இவை அதிகம் கிடைக்கின்றன.

மூன்றாவது வகை உள்ளங்கை அளவானது. இன்ரெல் நிறுவனம் நக் என்ற பெயரில் சுமார் பத்து சென்ரிமீற்றர் சதுரப் பெட்டியை அறிமுகப்படுத்தியது. 2023இல் அந்நிறுவனம் இதிலிருந்து விலகிக்கொள்ள, அசுஸ் நிறுவனம் அப்பெயரில் உற்பத்தியைத் தொடர்ந்தது. இதே அமைப்பில் பல சீன நிறுவனங்களும் மலிவான பெட்டிகளைச் செய்கின்றன.

நான்காவது, அப்பிள் நிறுவனத்தின் மக் மினி. 2005இல் தோன்றிய இது 2024இல் 12.7 சென்ரிமீற்றர் சதுரமாகச் சுருங்கியது. மிக வேகமானது, மின்சாரமும் குறைவாகவே உண்ணும். ஆனால் அதன் நினைவகம் மூளைப் பாகத்துடனேயே பிணைக்கப்பட்டிருப்பதால் பின்னர் கூட்ட முடியாது.

ஐந்தாவது, றாஸ்பெரி பை. பிள்ளைகளுக்குக் கணனி கற்பிக்கவென்று இங்கிலாந்தில் 2012இல் வெளியிடப்பட்ட, அடையாள அட்டையளவான பலகை இது. 2020இல் விசைப்பலகைக்குள்ளேயே கணனியை அடக்கிய ஒரு வகையும் வெளிவந்தது. பாடசாலைக்கும் சூரிய மின்சாரத்தில் இயங்கும் படிப்பகத்துக்கும் இது நல்ல துணை. ஆனால் விண்டோசுக்கென எழுதப்பட்ட வழமையான கணக்கு நிரல்கள் இதில் இயங்கா. சங்கத்தின் கணக்கு அத்தகைய நிரலில் இருந்தால் இது பொருந்தாது.

முதலில் வேலையை எழுதுங்கள்

கடைக்குப் போகுமுன் ஒரு கடதாசியில் இந்தக் கணனியால் என்னென்ன வேலை செய்யப் போகிறோம் என்று எழுதுங்கள். கடிதம், கூட்ட அறிக்கை, அங்கத்தவர் பதிவேடு, வட்டிக் கணக்கு, பற்றுச்சீட்டு அச்சிடுதல், மின்னஞ்சல், காணொளிக் கூட்டம் என்று பட்டியல் நீளலாம். இவை யாவற்றையும் மேற்சொன்ன எந்தச் சிறு கணனியும் இலகுவாகச் செய்யும். சிறு பெட்டியில் பெரும்பாலும் மடிக்கணனித் தரத்திலான, குறைந்த வெப்பம் தரும் பாகங்களே இருக்கின்றன. காணொளி தொகுத்தல், முப்பரிமாண வரைதல் போன்ற பாரமான வேலைகளை நாள் முழுவதும் செய்பவர்களுக்கே பெரிய பெட்டி தேவைப்படும்.

அடுத்து, தரவின் அளவையும் எண்ணிப் பாருங்கள். ஐந்நூறு அங்கத்தவர்களின் பல ஆண்டுக் கணக்கும் சேர்ந்து பிடிக்கும் இடம் மிகச் சொற்பம். இடத்தை விழுங்குவன படங்களே. கைத்தொலைபேசியில் எடுக்கும் படம் ஒன்று மூன்று முதல் ஐந்து மெகாபைற்று வரை இருக்கும். ஆயிரம் படங்கள் ஐந்து கிகாபைற்றுக்குள் அடங்கும். ஆகவே 256 கிகாபைற்றுக் கொள்ளளவு ஒரு கிராமச் சங்கத்துக்குத் தாராளமாகப் போதும். படமும் காணொளியும் நிறையச் சேமிக்கும் அலுவலகத்துக்கு 500 கிகாபைற்று நல்லது.

பெட்டிக்குள் பார்க்க வேண்டிய மூன்று

முதலாவது, கணனியின் மூளையாகிய புரொசெசர். "இது ஐ7, அது ஐ5" என்று விற்பனையாளர் சொல்வது தரவரிசையை மட்டுமே காட்டும், வயதைக் காட்டாது. வயதை அறிய அடுத்து வரும் இலக்கத்தைப் பார்க்க வேண்டும். ஐ5-8500ரி என்று இருந்தால் முதலிலுள்ள 8 அது எட்டாம் தலைமுறை என்பதைக் காட்டும். ஐ3-12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. 2012இல் வந்த மூன்றாம் தலைமுறை ஐ7ஐ விட 2022இல் வந்த பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 வேகமானது. இலக்கத்தின் இறுதியில் ரி என்ற எழுத்து இருந்தால் அது குறைந்த மின்சாரத்தில் இயங்கும் வகை. 2023இன் தொடக்கத்தில் வந்த என்100 என்ற சிக்கனமான புரொசெசரும் உள்ளங்கைப் பெட்டிகளில் அதிகம் காணப்படுகிறது. அது கடிதம், கணக்கு, இணையம் ஆகியவற்றுக்குப் போதுமானது.

இரண்டாவது, றாம் எனப்படும் நினைவகம். இது வேலை செய்யும் மேசை போன்றது. மேசை சிறிதானால் ஒன்றை எடுத்து வைத்துவிட்டே மற்றதை விரிக்க வேண்டும். 8 கிகாபைற்றுக்குக் குறைந்து வாங்க வேண்டாம். 16 இருந்தால் நீண்ட காலத்துக்குக் கவலையில்லை.

மூன்றாவது, சேமிப்பகம். சுழலும் தட்டைக் கொண்ட பழைய ஹாட் டிஸ்க்குக்குப் பதிலாக, அசையும் பாகம் எதுவுமற்ற எஸ்.எஸ்.டி. இருக்க வேண்டும். பழைய கணனியொன்றில் இந்த ஒரு பாகத்தை மாற்றினாலே அது புதியது போலச் சுறுசுறுப்பாகி விடும். மிக மலிவான சில பெட்டிகளில் ஈ.எம்.எம்.சி. எனப்படும் 64 கிகாபைற்றுச் சேமிப்பகம் தாய்ப்பலகையில் ஒட்டப்பட்டிருக்கும். அதைத் தவிருங்கள். ஓரிரு ஆண்டுகளில் இடம் நிரம்பும். பழுதானாலோ தாய்ப்பலகையே போய்விடும்.

இங்கேதான் பின் வாங்கிலிருந்து வந்த கேள்வி முக்கியமாகிறது. நினைவகமும் சேமிப்பகமும் கழற்றி மாட்டக்கூடியனவா, அல்லது பலகையுடன் ஒட்டப்பட்டனவா? ஒரு லீற்றர்ப் பெட்டிகள் பலவற்றில் பின்புறத்து ஒரு திருகாணியைக் கழற்றி மூடியை நகர்த்தினால் உள்ளே எல்லாம் தெரியும். அவற்றில் போடும் நினைவகமும் எஸ்.எஸ்.டி.யும் மடிக்கணனியில் போடும் அதே பொது வகையின. பட்டினத்திலுள்ள எந்தக் கணனிக் கடையிலும் வாங்கி, அங்குள்ள இளைஞரே மாற்றிக் கொடுப்பார். ஒட்டப்பட்ட பெட்டியாயின் அதைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், அல்லது எறிய வேண்டும். விற்பனையாளரிடம், "மூடியைத் திறந்து காட்டுங்கோ" என்று கேட்பதில் தவறில்லை. அவர் திறந்து காட்டத் தயங்கினால் அதுவே ஒரு விடை.

பெட்டிக்கு வெளியே

சிறு பெட்டியில் இணைப்புத் துவாரங்களும் குறைவு. சங்கத்தில் ஏற்கெனவே உள்ள பொருட்களின் பட்டியலை எடுத்துச் செல்லுங்கள். பழைய திரைக்கும் மண்டபத்திலுள்ள புரொஜெக்ரருக்கும் நீல நிற வீ.ஜி.ஏ. இணைப்பு மட்டுமே இருக்கக்கூடும். புதிய பெட்டிகளில் எச்.டி.எம்.ஐ. துவாரமும், அலுவலகங்களில் பாவித்த பெட்டிகளில் பெரும்பாலும் டிஸ்பிளே போர்ட் துவாரமும் இருக்கும். பொருத்தமான மாற்றியை அன்றே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பற்றுச்சீட்டும் சேமிப்புப் புத்தகமும் அச்சிடும் பழைய ஊசி அச்சுப்பொறிகள் அகலமான சமாந்தர இணைப்புக் கொண்டவை. சிறு கணனியில் அந்தத் துவாரம் பெரும்பாலும் இல்லை. யூ.எஸ்.பி. மாற்றி ஒன்றால் சில அச்சுப்பொறிகள் இயங்கும், சில இயங்கா. ஆகவே அச்சுப்பொறியையே கடைக்குக் கொண்டு சென்று பரீட்சித்துப் பார்ப்பது நல்லது. பாவித்த அலுவலகக் கணனிகள் பலவற்றில் வைஃபை அட்டை இருப்பதில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

சிறிய பொருளுக்கு ஓர் ஆபத்து உண்டு. பள்ளிப் பையினுள் வைத்துத் தூக்கிச் சென்று விடலாம். இவ்வகைக் கணனிகள் பலவற்றில் பூட்டுக் கம்பி மாட்டச் சிறிய துளை இருக்கும். திரையின் பின்புறத்திலுள்ள நான்கு துளைகளில் தாங்கி ஒன்றைப் பொருத்திப் பெட்டியை அங்கேயே திருகி விடவும் முடியும். அப்படிச் செய்தால் மேசையில் இடமும் மிஞ்சும்.

மின்சாரமும் வெப்பமும்

2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதே காரணமென அமைச்சர் தெரிவித்தார். மின்சாரம் நிற்பது எமது அலுவலக வாழ்வின் ஒரு பகுதி. எனவே கணனி எவ்வளவு மின்சாரம் உண்ணும் என்பதையும் கேட்க வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். பழைய பெரிய கணனியும் திரையும் சேர்ந்து 120 வாற்று எடுப்பதாகக் கொள்வோம். நாளுக்கு 8 மணித்தியாலம், மாதத்துக்கு 25 நாள் என்றால் 24 அலகுகள். சாதாரண அலுவலக வேலையில் சிறு கணனி சுமார் 15 வாற்றும் சிக்கனமான திரை சுமார் 20 வாற்றும் எடுக்கும். மொத்தம் 35 வாற்று. மாதத்துக்கு 7 அலகுகள். மிச்சம் 17 அலகுகள். பாவனை கூடக்கூடக் கட்டணமும் படிப்படியாக உயரும் வீட்டு மின்பட்டியலில் இது பெரிய வேறுபாடு.

மின்சாரம் நின்றவுடன் கணனியைத் தாங்கும் யூ.பி.எஸ். பெட்டியிலும் இதன் பயன் தெரியும். சிறிய யூ.பி.எஸ். ஒன்றில் வழக்கமாக 12 வோல்ற்று, 7 அம்பியர்-மணி பற்றரி இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 84 வாற்று-மணி. இழப்புக்கள் போக 50 வாற்று-மணி கையில் கிடைப்பதாகக் கொள்வோம். 120 வாற்றுப் பெரிய கணனி அதில் 25 நிமிடமே தாக்குப்பிடிக்கும். 35 வாற்றுச் சிறு கணனி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இயங்கும். பற்றரி பழையதானால் இந்த நேரம் குறையும்; இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். மின்சாரம் நின்று வரும்போது ஏற்படும் அதிர்ச்சியே சேமிப்பகத்தையும் கணக்கு நிரலையும் பழுதாக்குகிறது. ஆகவே யூ.பி.எஸ். இல்லாமல் மேசைக் கணனி வாங்க வேண்டாம். ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் இடிமுழக்கம் கேட்டவுடன் மின்செருகியை மட்டுமல்லாது தொலைபேசி இணைப்பையும் கழற்றி விடுங்கள்.

அடுத்தது வெப்பம். பெட்டி சிறிதாக இருந்தால் சூடு வெளியேறும் வழியும் ஒடுக்கமானது. எமது கரையோரங்களில் உப்புக் காற்று, உள்ளூரில் புழுதி, எங்கும் எறும்பும் பல்லியும். கணனியைப் பூட்டிய அலுமாரிக்குள் வைத்து இயக்க வேண்டாம். சுற்றிலும் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். அழகுக்குப் போர்த்தும் துணியையும் பிளாஸ்ரிக் உறையையும் கணனி இயங்கும்போது எடுத்துவிட வேண்டும். ஆண்டுக்கு இருமுறை கணனியை நிறுத்தி, மூடியைத் திறந்து, மென்மையான தூரிகையால் புழுதியை அகற்றுங்கள்.

பாவித்த கணனி வாங்கலாமா?

வாங்கலாம், நிபந்தனைகளோடு. பெரிய நிறுவனங்களுக்கென்று செய்யப்பட்ட பெட்டி உறுதியானது. அதே பணத்துக்கு வரும் பெயர் தெரியாத புதிய பெட்டியைவிட அது நீண்டகாலம் உழைக்கவும் கூடும். ஆனால் ஒரு முக்கியமான எல்லையை அறிந்திருக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியுடன் முடிவடைந்தன. விண்டோஸ் 11ஐ முறைப்படி நிறுவ, பொதுவாக இன்ரெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசெசரும் ரி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புப் பாகமும் வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் மலிந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம். விண்டோசைத்தான் பாவிப்பதென்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள்.

கடையில் பின்வருவனவற்றைப் பார்த்த பின்னரே பணம் கொடுங்கள்:

1. கணனியை அரை மணித்தியாலமாவது இயக்கி, சூட்டையும் விசிறிச் சத்தத்தையும் கவனியுங்கள்.

2. எஸ்.எஸ்.டி.யின் ஆரோக்கியத்தைக் காட்டும் இலவச நிரல்கள் உள்ளன. அவற்றில் ஒன்றை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். திருப்தியில்லையெனில் புதிய எஸ்.எஸ்.டி. போட்டுத் தரக் கேளுங்கள்.

3. பழைய உரிமையாளர் இட்ட கடவுச்சொல் உள்ளமைப்பில் இல்லை என்பதை உறுதி செய்யுங்கள். இருந்தால் பின்னர் எந்த மாற்றமும் செய்ய முடியாது.

4. அடப்ரர் அதே நிறுவனத்தினுடையதா? சில கணனிகள் தம் சொந்த அடப்ரரை இனங்காணாவிட்டால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

5. ஒவ்வொரு யூ.எஸ்.பி. துவாரத்திலும் எதையாவது செருகிப் பாருங்கள்.

6. கணனியை நிறுத்தி, மின்செருகியைக் கழற்றிச் சிறிது நேரம் கழித்துத் திரும்ப இயக்குங்கள். திகதி பிழையாகக் காட்டினால் உள்ளேயுள்ள நாணயம் போன்ற சிறு பற்றரி இறந்துவிட்டது. அது சொற்ப விலைதான். ஆனால் கவனியாது விட்டால் பற்றுச்சீட்டுக்களில் பிழையான திகதி விழும்.

7. உத்தரவாதத்தை எழுத்தில் பெறுங்கள். கணனியின் தொடரிலக்கம் பற்றுச்சீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பழுதானால் எங்கே கொண்டு போவது, போக்குவரத்துச் செலவு யாருடையது என்பதையும் கேளுங்கள்.

புதிய பெட்டியையும் அப்படியே நம்பிவிட முடியாது. சில மலிவான சிறு கணனிகளில் தொழிற்சாலையிலேயே தீங்கான நிரல்கள் புகுந்திருந்தமை 2024இல் வெளிப்பட்டது. எனவே பெயர் அறியாத பெட்டி எதையும் வாங்கினால், மென்பொருளைத் துடைத்துப் புதிதாக நிறுவிய பின்னரே சங்கத்தின் கணக்கை அதில் ஏற்ற வேண்டும்.

மென்பொருளும் தமிழும்

திருட்டுப் பிரதியாக நிறுவிய மென்பொருள் பெரும்பாலும் நோயையும் கூடவே கொண்டு வரும். பணமில்லை என்பதால் அதை நாட வேண்டிய தேவையும் இல்லை. 2010இல் தோன்றிய லிப்ரே ஒபிஸ் என்ற இலவசத் தொகுப்பில் கடிதம், கணக்குத் தாள், காட்சிப்படம் யாவும் செய்யலாம். லினக்ஸ் வகை இயங்குதளங்களும் இலவசமே. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணனிக்கும் அவை வாழ்வு கொடுக்கும். ஆனால் சங்கத்தின் கணக்கு நிரல் அதில் இயங்குமா என்று முன்கூட்டியே பரீட்சிக்க வேண்டும்.

எமது பழைய கடிதங்களும் அறிக்கைகளும் பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணனியில் அவை ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். புதிய கணனி வாங்கும் நாளே அவற்றை யுனிக்கோட்டுக்கு மாற்றத் தொடங்க நல்ல நாள். இதற்கான மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பாமினியில் பழகிய கைக்கு அதே விசை ஒழுங்கில் யுனிக்கோட் தட்டும் நிரல்களும் உண்டு. ஆகவே எவரும் புதிதாகத் தட்டச்சுப் பழக வேண்டியதில்லை.

மடிக்கணனி வாங்கினால் என்ன?

இது நியாயமான கேள்வி. மடிக்கணனியில் பற்றரி உள்ளேயே இருப்பதால் மின்வெட்டில் தடையின்றி வேலை செய்யலாம். கிராமங்களுக்குக் கொண்டும் செல்லலாம். வெளிக்கள வேலை அதிகமுள்ள நிறுவனத்துக்கு அதுவே பொருத்தம். ஆனால் திரையோ விசைப்பலகையோ பற்றரியோ பழுதானால் முழுக் கணனியையுமே திருத்தக் கொடுக்க வேண்டும். மேசைக் கணனியில் பழுதான பாகத்தை மட்டும் மாற்றினால் போதும். திரையும் கணனியும் ஒன்றாக இணைந்த வகைக்கும் மடிக்கணனிக்குள்ள இதே குறை உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மடிக்கணனி காலப்போக்கில் ஒருவருடைய கணனியாகி விடுகிறது. அது அவருடைய வீட்டில் இரவைக் கழிக்கும். கடவுச்சொல்லும் அவருக்கே தெரியும். அவர் பதவி விலகும்போது சங்கத்தின் கணக்கும் அவரோடு போகக்கூடும். மேசைக் கணனி அலுவலகத்திலேயே இருக்கும். கணக்காளர், செயலாளர், கணக்காய்வுக்கு வருபவர் என எல்லோரும் ஒரே இடத்தில் வந்து அதைப் பார்க்க முடியும். பொதுப் பணத்தின் கணக்கு பொது இடத்தில் இருப்பது நல்ல வழக்கம்.

பெட்டியைவிடப் பெறுமதியானது

பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் அறிந்த ஒரு கடனுதவிச் சங்கத்தில், ஒரு திங்கட்கிழமை காலை கணனி எழும்பவில்லை. ஹாட் டிஸ்க் இறந்திருந்தது. பிரதி எதுவும் எடுக்கப்பட்டிருக்கவில்லை. அங்கத்தவர்களின் சேமிப்புப் புத்தகங்களை வீடு வீடாகச் சென்று சேகரித்து, பழைய பற்றுச்சீட்டுக் கட்டுக்களோடு ஒப்பிட்டு, கணக்கை மீண்டும் எழுதி முடிக்க நான்கு மாதங்கள் எடுத்தன. புத்தகத்தைத் தொலைத்துவிட்ட ஒரு வயதான தாய், தாம் போட்ட பணத்தை நிரூபிக்க முடியாமல் கூட்டத்தில் எழுந்து நின்றதை நான் மறக்கவில்லை. குழு அவர் சொன்ன தொகையை ஏற்றுக்கொண்டது. ஆனால் சொந்தப் பணத்துக்குச் சத்தியம் செய்ய வேண்டிய நிலைக்கு அவரைக் கொண்டு வந்தது, பிரதி எடுக்காத எமது கவனக்குறைவே.

எனவே வரவுசெலவுத் திட்டத்தைப் போடும்போது முழுப் பணத்தையும் பெட்டிக்குக் கொடுத்துவிட வேண்டாம். நூறு ரூபா இருந்தால் அறுபதைக் கணனிக்கும் திரைக்கும், இருபதை யூ.பி.எஸ்.க்கும், இருபதை வெளிச் சேமிப்பகம் இரண்டுக்கும் ஒதுக்கலாம். பாவித்த சிறு கணனியைத் தெரிவு செய்வதால் மிஞ்சும் பணம் இதற்குக் கைகொடுக்கும். கணக்கு மூன்று இடங்களில் இருக்க வேண்டும். ஒன்று கணனியில், ஒன்று அலுவலக அலுமாரியிலுள்ள வெளிச் சேமிப்பகத்தில், மற்றது வேறோர் இடத்திலுள்ள சேமிப்பகத்தில். வெளிச் சேமிப்பகங்கள் இரண்டையும் கிழமைக்கு ஒருமுறை மாறி மாறிப் பாவியுங்கள். பிரதி எடுத்தவுடன் அதைக் கணனியிலிருந்து கழற்றிவிட வேண்டும். இல்லையேல் மின்னலும் தீங்குநிரலும் இரண்டையும் சேர்த்தே அழிக்கும். மாதத்துக்கு ஒருமுறை பிரதியிலிருந்து ஏதாவது ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது கரையோரத்தில் பதிவேடுகளும் அள்ளுண்டு போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் வீடுகளையும் அலுவலகங்களையும் மூழ்கடித்தது. வெள்ளத்தில் மூழ்கிய கணனியை மீண்டும் வாங்கலாம். மேட்டு நிலத்திலுள்ள ஒரு வீட்டில் சிறு பிரதி ஒன்று இருந்தால் கணக்கு பிழைத்துக்கொள்ளும்.

அந்தப் பிற்பகல் கூட்டத்தில் குழு மூன்றாவது விலைமனுவைத் தெரிவு செய்தது: எட்டாம் தலைமுறை, 16 கிகாபைற்று நினைவகம், புதிய எஸ்.எஸ்.டி. மிச்சப் பணத்தில் யூ.பி.எஸ். ஒன்றும் வெளிச் சேமிப்பகம் இரண்டும் வாங்கினார்கள். வெளிச் சேமிப்பகங்களுள் ஒன்றை வீட்டில் வைத்திருக்கும் பொறுப்பு, பின் வாங்கிலிருந்து கேள்வி கேட்ட அந்தத் தாயிடம் ஒப்படைக்கப்பட்டது.

குழுவாகக் கலந்துரையாடுவதற்கு:

1. எமது சங்கத்தின் கணனியால் செய்யும் வேலைகள் எவை? அவற்றுள் எவை உண்மையில் வேகமான கணனியை வேண்டுகின்றன?

2. இன்று எமது கணனி எழும்பாவிட்டால், நாளை அங்கத்தவர் ஒருவரின் மீதியை எங்கே பார்ப்போம்?

3. கடவுச்சொல்லும் பிரதி எடுக்கும் முறையும் எத்தனை பேருக்குத் தெரியும்?

4. எமது பட்டினத்தில் கணனியைத் திறந்து பாகம் மாற்றத் தெரிந்தவர் யார்? வாங்குமுன் அவரிடம் ஆலோசனை கேட்டோமா?

5. எமது ஊரில் வெள்ளம் வராத வீடு எது?